பெயரிலே குருதியைத் தேடுவோர்

விஞ்ஞானத்தின் பெயரால் நம்மிடையே பரவும் மயக்கங்களை இனங்கண்டு கூறுதல் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கமொன்றின் கடமைகளுள் ஒன்றாகும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றிலே அண்மைக் காலத்திற் புகுந்துள்ள அத்தகைய மயக்கமொன்றைப் பற்றியதே இக்கட்டுரை. ஒரே குடும்பப் பெயரைக் கொண்டோர் யாவரும் ஒரே மூதாதையின் வழிவந்தோர் எனவும், அதனை மரபணுச் சோதனையின் மூலம் நிறுவிவிடலாம் எனவும் நம்புவதே அம்மயக்கம்.

சென்ற ஆண்டு ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த என் பெரியதந்தையாரின் மகன், வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டு மேசையிலே சிறு பெட்டியொன்றை வைத்தார். உமிழ்நீரைச் சேர்ப்பதற்கான குழாயொன்று அதனுள் இருந்தது. "தம்பி, எங்கடை குடும்பப் பேரோடை நாலைஞ்சு பேர் அந்தப் பட்டியலிலை இருக்கினம். எங்கடை பரம்பரையிலை இன்னுமொரு ஆம்பிளையின்ரை துப்பல் வேணும்" என்றார். குடும்பப் பெயரென்று அவர் கூறியது என் பெரியதந்தையாரின் பெயரையே. கனடாவிற் குடியேறியபோது, படிவத்திலே குடும்பப் பெயருக்கென ஒதுக்கப்பட்ட கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்தமையால், தந்தையின் பெயரை அதில் எழுதினார். இன்று அவருடைய பிள்ளைகளுக்கும் அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. எனக்கு அப்பெயர் இல்லை. என் பெயரின் முன் நிற்பது என் தந்தையாரின் முதலெழுத்து. எனினும் என் தந்தையும் அவர் தந்தையும் உடன்பிறந்தோர். அவர் தேடிய ஆண்வழிக் குருதி அப்பெயர் இல்லாமலே அம்மேசையின் எதிர்ப்புறத்தில் அமர்ந்திருந்தது. அப்பெயரைத் தாங்கிப் பட்டியலில் நின்றோரோ எங்கள் ஊரவருமல்லர், உறவினருமல்லர். நான் இங்கு வாதிக்கப் போவதன் சாரம் இச்சிறு சம்பவத்திலே உண்டு.

சோதனையின் அடிப்படை

எதிர்த்தரப்பினருக்கு நியாயம் செய்யும் பொருட்டு, முதலில் இச்சோதனையின் அடிப்படையைக் கூறுதல் வேண்டும். மனிதக் கலத்திலுள்ள 23 சோடி நிறமூர்த்தங்களுள் 'வை' எனப்படுவது ஆண்களிடம் மாத்திரமே உண்டு. தந்தையிடமிருந்து மகனுக்கு அது பெரும்பாலும் மாற்றமின்றிச் செல்லும். அதன் சில இடங்களிலே குறுகிய தொடர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவை எத்தனை முறை வருகின்றன என எண்ணி, இருவருடைய எண்களை ஒப்பிட்டால், அவ்விருவரும் ஆண்வழியில் எவ்வளவு நெருங்கியவர் என்பதை மதிப்பிடலாம். 37, 67, 111 இடங்கள் என ஒப்பிடுவதற்கு வெவ்வேறு விலையிலே சோதனைகள் விற்கப்பட்டு வந்துள்ளன.

இம்முறை குடும்பப் பெயரோடு இணைக்கப்பட்டமைக்கு ஒரு வரலாறு உண்டு. ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த பிறயன் சைக்ஸ் என்னும் ஆய்வாளர், தம்முடைய குடும்பப் பெயரையே கொண்ட 48 ஆண்களின் 'வை' நிறமூர்த்தத்தை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். அவர்களுள் ஏறத்தாழ 44 சதவீதத்தினர் ஒரே வகையைச் சேர்ந்தவராயிருந்தனர். பல இடங்களிலே தனித்தனியே தோன்றியிருக்கக்கூடியதெனக் கருதப்பட்ட அப்பெயருக்கு ஒரே மூலபுருஷர் இருந்திருக்கலாம் என்பது அவர் கொண்ட முடிவு. நல்ல ஆய்வுதான். ஆனால், அதற்கு அடிப்படையாக அமைந்தது என்ன? இங்கிலாந்திலே மத்திய காலந்தொட்டுத் தந்தையின் குடும்பப் பெயரே மகனுக்கும் பெயரனுக்கும் மாறாது வழங்கிவந்தது என்னும் சமூக வழக்கமே. நிறமூர்த்தமும் பெயரும் ஒரே பாதையிற் சென்றதனாலேயே ஒன்றைக்கொண்டு மற்றொன்றை ஆராய முடிந்தது. அவ்வழக்கம் இல்லாத சமூகத்திலே அம்முறை எதனை ஆராயும்? இவ்வினாவை எழுப்பாமலே பெட்டிகள் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்துள்ளன.

வெள்ளவத்தைப் பெயர்கள்

காலி வீதியின் ஒழுங்கைகளிலுள்ள தொடர்மாடிகளிற் குடியிருக்கும் யாழ்ப்பாணத்தவர், மட்டக்களப்பார், திருகோணமலையார் ஆகியோரின் பெயர்களை எடுத்துக்கொள்வோம். தந்தையின் பெயர் மகனுக்கு முதலெழுத்தாகிறது. மகனின் பெயர் பெயரனுக்கு முதலெழுத்தாகிறது. பாட்டனின் பெயர் மூன்றாந் தலைமுறையிலே மறைந்துவிடும். அல்லது பெயரனுக்கு இடப்பெற்று மீண்டும் தோன்றும். பெயரன் என்னும் சொல்லே இவ்வழக்கத்தை உணர்த்தி நிற்கின்றது. நமது முறையிலே பெயர் தலைமுறைதோறும் புதிதாகப் பிறப்பது.

எனவே சிவலிங்கம், கந்தசாமி, நடராசா என்பன ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இன்று குடும்பப் பெயர்களாக வழங்குவது குடிவரவுப் படிவங்களின் விளைவேயன்றி வேறன்று. சிவலிங்கம் என்னும் பெயரைத் தாங்கிய இருநூறு குடும்பங்கள் ஒரு நகரில் இருப்பின், அவற்றுக்குப் பொதுவாக இருப்பது இருநூறு பாட்டன்மாரைப் பெற்றோரின் சிவபக்தியே. பக்திக்கு நிறமூர்த்தம் இல்லை.

இது நமக்கு மாத்திரம் உரிய நிலைமையுமன்று. ஐஸ்லாந்து மக்கள் இன்றும் பெரும்பாலும் தந்தையின் பெயரோடு மகன், மகள் என்னும் விகுதியைச் சேர்த்தே வழங்குகின்றனர். அந்நாட்டிலே 1996இல் தொடங்கப்பெற்ற பெரும் மரபணு ஆய்வு முயற்சி, குடும்பப் பெயர்களைத் தேடி அலையவில்லை. கோயிற் பதிவேடுகளிலும் குடிசனக் கணக்குகளிலுமிருந்து கட்டப்பட்ட வம்சாவளிகளையே அது துணைக்கொண்டது. சமூகத்தின் இயல்பை அறிந்து அதற்கேற்பக் கருவியைத் தெரிந்தெடுத்தலே விஞ்ஞானம். கருவியை வாங்கிய பின் அதற்கேற்பச் சமூகத்தை வளைக்க முயல்வதை வியாபாரம் எனலாம்.

கொட்டாஞ்சேனைப் பெயர்கள்

"கொட்டாஞ்சேனையிலே உண்மையான குடும்பப் பெயர்கள் உண்டல்லவா?" என்று கேட்கலாம். உண்டு. பெர்னாண்டோ, பெரேரா, றொட்ரிகோ, கொஸ்தா என்னும் பெயர்கள் அங்கு பல தலைமுறைகளாகத் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றுள்ளன. ஆயினும் அவற்றின் தோற்றத்தைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1530களிலே முத்துக்குளித்துறையின் பரதவர் திரளாகக் கத்தோலிக்கராயினர். ஞானஸ்நானத்தின்போது போர்த்துக்கீசரின் பெயர்கள் அவர்களுக்கு வழங்கப்பெற்றன. தூத்துக்குடியிலே பெர்னாண்டோ ஆனவருக்கும், நீர்கொழும்பிலும் மொறட்டுவையிலும் பெர்னாண்டோ ஆன சிங்களவருக்கும், அதே பெயரோடு லிஸ்பனிலிருந்து கப்பலேறி வந்தவருக்கும் இடையே இருந்த தொடர்பு திருமுழுக்குத் தொட்டியின் நீரே. ஒரு நாளிலே ஒரு குருவானவரின் கையால் ஒரே பெயரைப் பெற்றவர் பலராயிருக்க, அப்பெயருக்கு ஒரு மூலபுருஷரைத் தேடுவது எங்ஙனம் பொருந்தும்?

நமது குடிசன மதிப்பீட்டின் கூத்தையும் இவ்விடத்தில் மனங்கொள்ளல் வேண்டும். இலங்கைத் தமிழர், சிங்களவர், பரதர், இலங்கைச் செட்டி எனத் தனித்தனி நிரல்களை அது வகுத்துள்ளது. ஒரே பெர்னாண்டோவை இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்ட நிரல்களிலே காணலாம். பெயர் இனத்தைக் காட்டவில்லை. இனம் குருதியைக் காட்டவில்லை. சிங்களவரின் மரபணு வரலாறு குறித்து 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, அவர்களும் இலங்கைத் தமிழரும் மொழி வேறுபாட்டைக் கடந்து நெடுங்காலமாகக் கலந்துள்ளனர் என்றே கூறியது.

வடக்கின் கிறித்தவப் பெயர்களும் இத்தகையனவே. அமெரிக்க மிஷனின் வட்டுக்கோட்டைச் செமினரியிலே பயின்ற மாணவர் பலருக்கு, அவர்தம் கல்விக்குப் பணம் உதவிய அமெரிக்கரின் பெயர்கள் சூட்டப்பட்டன. 'பாவலர் சரித்திர தீபகம்' தந்த சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான விசுவநாதபிள்ளை கறோல் ஆனார். அப்பெயர்களை அமெரிக்கப் பட்டியலொன்றிலே தேடுவோருக்கு நன்கொடையாளர் அகப்படலாம், மூதாதையர் அகப்படார்.

கொழும்புச் செட்டிகளின் காசிச்செட்டி, ஒண்டாச்சி போன்ற பெயர்களை இவற்றினின்றும் வேறாக வைத்தல் நியாயமாகும். அவை உண்மையாகவே பரம்பரைப் பெயர்கள். சைக்ஸின் முறை அங்கே ஓரளவு பொருந்தக்கூடும். ஆனால், பொருந்தும் இடத்திலும் அது கூறுவது மிகச் சிறிது. 1943இற் கொழும்பிற் பிறந்த எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சியின் குடும்பத்திலே தமிழ், சிங்கள, ஒல்லாந்தக் கலப்பு உண்டென்பது யாவரும் அறிந்ததே. அத்தகைய குடும்பமொன்றின் 'வை' நிறமூர்த்தம் ஓர் ஆண்வழியை மாத்திரம் காட்டிவிட்டு மௌனமாகிவிடும். அக்குடும்பத்தை அக்குடும்பமாக ஆக்கிய கலப்பெல்லாம் அதன் கணக்கிலே வராது.

மறைக்கப்படும் தாய்வழி

பத்துத் தலைமுறைக்கு முன்னே ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. 'வை' நிறமூர்த்தம் அவற்றுள் ஒன்றனைப் பற்றியே பேசும். எஞ்சிய 1,023 இடங்களிலும் இருந்தோர், பெண்கள் அனைவரும் உட்பட, அதற்கு இல்லாதவர்களே. குடும்பப் பெயர் ஆராய்ச்சி என்பது பெண்களை நீக்கிய குடும்ப வரலாறு என நான் கூறுவது இதனாலேயே.

நமது சமூகமோ தாய்வழியைப் புறக்கணித்து வாழ்ந்த சமூகமன்று. மட்டக்களப்பிலே ஒருவரை 'என்ன குடி' என வினவினால் அவர் கூறுவது தாயின் குடியையே. குடியும் வயிற்றுவாரும் தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவன. கோயில் உரிமைகளும் மரியாதைகளும் அவ்வழியே வகுக்கப்பட்டவை. ஆங்கிலேயரின் குடும்பப் பெயருக்கு நம்மிடையே ஓர் ஒப்புமை உண்டெனின், அது மட்டக்களப்புக் குடியே. அதனை 'வை' நிறமூர்த்தத்தால் ஆராய முற்பட்டால் என்ன நேரும்? ஒரே குடியைச் சேர்ந்த ஆண்கள் வெவ்வேறு தந்தைவழிகளைக் காட்டுவர். சோதனையாளர் அவர்களுக்குள் உறவில்லை என்பார். கருவி பிழையன்று, வினாவே பிழை. தாயிடமிருந்து மாத்திரம் வரும் இழைமணியின் மரபணுவை நோக்கினாலன்றிக் குடியைப் பற்றி ஒன்றும் கூறமுடியாது.

யாழ்ப்பாணத்திலும் 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தினை வகுத்து, தாயின் சீதனம் மகளுக்குச் செல்லும் வழியைக் காத்தது. வெள்ளவத்தையில் இன்று தாய் எழுதிக்கொடுத்த வீட்டிலே குடியிருந்துகொண்டு, தந்தையின் பெயருக்கு மாத்திரம் பரம்பரை தேடுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். நானும் என் பெரியதந்தையாரின் மகனும் அன்று ஒரு காரியம் செய்து பார்த்தோம். எங்கள் அப்பாச்சியின் தாயாருடைய பெயர் என்ன என ஒருவரையொருவர் கேட்டோம். இருவருக்கும் தெரியவில்லை. நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னே ஒரு முதியவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அறியக்கூடியதாயிருந்த செய்தி அது.

பரம்பரைச் சான்றின் அபாயம்

"இது வெறும் பொழுதுபோக்குத்தானே; இதற்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று வினவலாம். கோபத்துக்குக் காரணம் உண்டு. இந்நாட்டிலே ஆண்வழிப் பரம்பரையை நிரூபிக்கும்படி கேட்கப்பட்டோர் இருந்தனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கு பிறந்தவரிடமும் தந்தை இங்கு பிறந்தாரா, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தனரா என வினவியது. பத்திரமின்றிப் பிறந்து பத்திரமின்றி இறந்த தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் அவ்வினாவுக்கு விடையளிக்க முடியாமல் நாடற்றோராயினர். தாயின் பிறப்பிடம் அச்சட்டத்தின் கண்ணிலே ஒரு பொருட்டன்று. அவ்வநீதியின் எச்சத்தைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுவரை செல்லவேண்டியிருந்தது.

பெயரை வைத்து ஆளை இனங்காணுதல் எவ்விடத்திற் கொண்டுபோய் விடும் என்பதை 1983 யூலையிலே கண்ட நகரம் இது. 2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலான இடங்களின் லொட்ஜுகளிலே தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்கு, கிழக்கு நோக்கி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பரம்பரைச் சான்றினை நாமே பணங்கொடுத்து வாங்கி, நாமே பெருமை பேசி, அதற்கொரு மதிப்பினை ஏற்படுத்திக் கொடுத்தால், நாளை அதனை வேறொருவர் கேட்கமாட்டார் என்பதற்கு உத்தரவாதம் யாது? ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் மணமக்கள் தேவைப் பகுதி இன்னும் சாதியைக் கேட்கின்றது. அதற்கு விஞ்ஞான முத்திரை குத்தக் காத்திருப்போர் நம்மிடையே இல்லையென்று நெஞ்சிற் கைவைத்துக் கூறமுடியுமா?

உமிழ்நீரைப் பெறுவோர் யார் என்பதும் நோக்கத்தக்கது. இத்துறையின் பெரிய நிறுவனங்களுள் ஒன்றான 'ருவென்ரிதிறீ அன்ட் மீ'யிடமிருந்து 2023இல் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விபரங்கள் களவாடப்பட்டன. 2025 மார்ச்சில் அது வங்குரோத்துப் பாதுகாப்பைக் கோரியது. கடையொன்று மூடப்படும்போது தளபாடங்கள் விற்கப்படுவதுபோல், மக்களின் மரபணுத் தொகுதி கைமாறும் பொருளாயிற்று. மேலும், ஒருவர் துப்பிக் கொடுப்பது தம்முடையதை மாத்திரமன்று. உடன்பிறந்தோர், பெற்றோர், பிறக்கப்போகும் பிள்ளைகள் ஆகியோரின் செய்தியும் அதனுள் உண்டு. இறந்த தந்தையின் மருத்துவத் தகவல்களை நாட்டின் சுகாதாரத் தரவுத் தொகுதியிற் சேர்ப்பதை மகள் ஆட்சேபிக்கலாம், ஏனெனில் அவற்றினூடாக அவளைப் பற்றியும் ஊகிக்க முடியும் என ஐஸ்லாந்தின் உயர் நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. ரொறன்ரோ அண்ணாவின் குழாய்க்குள் நான் துப்புவதாயின், அதற்கு வெள்ளவத்தையிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனை பேரிடம் அனுமதி பெறவேண்டும்!

சோதனையின் உரிய இடம்

வேர்களைத் தேடும் வேட்கையை நான் இகழவில்லை. வீடிழந்து, ஊரிழந்து, உறுதிகளையும் பிறப்புப் பதிவுகளையும் இழந்து வந்தோர் நாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 97,000 வரையான நூல்கள் சாம்பராயின. காகிதம் எரிந்தாலும் குருதி எரியாது என்னும் ஆறுதலை ஒருவர் நாடுவதிலே வியப்பில்லை. ஆனால், அக்குழாய் ஊரைக் கூறாது, வளவைக் கூறாது, பாட்டியின் பெயரைக் கூறாது. அவற்றைக் கூறக்கூடியவை கொட்டாஞ்சேனைப் புனித லூசியா பேராலயத்தின் திருமுழுக்கு, விவாகப் பதிவேடுகள், ஒல்லாந்தர் எழுதிய தோம்புகள், நொத்தாரிசுகளின் உறுதிகள், இன்னும் உயிரோடிருக்கும் முதியவர்கள் ஆகியனவே. முதியவர்களுக்குக் காலம் குறைவு.

மரபணுச் சோதனைக்கு நம் நாட்டிலே உரிய பணி இல்லையா? உண்டு, அவசரமாக உண்டு. 2004 சுனாமியின் பின் கல்முனை வைத்தியசாலைக்கு 81ஆவதாகக் கொண்டுவரப்பட்ட குழந்தைக்குப் பலர் உரிமை கோரியதாகச் செய்தி பரவியபோது, 2005 பெப்ரவரியில் அதன் பெற்றோரை உறுதிசெய்து கொடுத்தது மரபணுச் சோதனையே. 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் உட்படப் பல இடங்களிற் குண்டு வெடித்தபோதும், சிதைந்த உடல்களை அடையாளங்காண அதுவே உதவியது. செம்மணியிலே 2025ஆம் ஆண்டு தோண்டப்பட்ட புதைகுழியிலிருந்து இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. புத்தகப் பையும் பொம்மையும் அவற்றோடு கிடந்தன. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் அப்பொருள்கள் மக்களுக்குக் காட்டப்பட்டன. தாய்மார் வந்து துணிகளைப் பார்த்து அடையாளம் தேடினர்.

ஆஜென்ரீனாவின் பாட்டிமாரை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். அந்நாட்டின் இராணுவ ஆட்சி 1976க்கும் 1983க்கும் இடையே இளம் பெற்றோரைக் கொன்று, அவர்தம் குழந்தைகளை வேறு குடும்பங்களுக்குக் கொடுத்தது. அக்குழந்தைகளுக்குப் புதுக் குடும்பப் பெயர்கள் இருந்தன, பத்திரங்களும் இருந்தன, அனைத்தும் பொய். மேரி-கிளயர் கிங் என்னும் விஞ்ஞானியின் துணையோடு பாட்டிமார் நாடியது தாய்வழி இழைமணியின் மரபணுவை. 1987இல் சட்டத்தின் மூலம் தேசிய மரபுத் தரவு வங்கியொன்று அங்கு நிறுவப்பட்டது. 130க்கு மேற்பட்ட பேரர்கள் இன்றுவரை இனங்காணப்பட்டுள்ளனர். அங்கே குடும்பப் பெயர் பொய் சொல்லிற்று. தாயின் மரபணு உண்மை கூறிற்று.

காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் இங்கு 2016இல் நிறைவேற்றப்பட்டது. உறவினர் மனமுவந்து தரும் மாதிரிகளைப் பேணுவதற்கு, இராணுவமோ பொலிசோ கைவைக்க இயலாத, நீதிமன்ற மேற்பார்வைக்கு உட்பட்ட மரபணு வங்கியொன்று வேண்டும் எனப் பல்கலைக்கழகங்கள் உரத்துக் கேட்கவேண்டும். உயிரியல் பயில்வோர் அதன் நுட்பத்தையும், சட்டம் பயில்வோர் அதன் காப்புகளையும், தமிழ் பயில்வோர் அதனைத் தாய்மாருக்கு விளங்கும் மொழியிலும் எழுதலாம். சோதனைக்குச் செலவிடப் பணமும் ஆர்வமும் நம்மிடம் உண்டென்பதை அச்சிறு பெட்டிகள் காட்டிவிட்டன.

எங்கள் வீட்டு மேசையில் வைக்கப்பட்ட குழாயை நான் நிரப்பிக் கொடுக்கவில்லை. அண்ணா சிறிது மனம் வருந்தினார். செம்மணியிலே தன் பிள்ளையின் சட்டையைத் தேடிய தாயொருத்தி கேட்பாளாயின், அக்கணமே கொடுப்பேன் என்றேன். நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பின்னர் பெட்டியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அப்பாச்சியின் தாயாருடைய பெயரை அறிந்திருக்கக்கூடியவர் யார் என்று கேட்டார். கொட்டாஞ்சேனையிலே எண்பத்தொன்பது வயதில் ஒரு மாமி இருக்கிறார். மறுநாட் காலையிலே இருவருமாக அங்கு போனோம்.